ஃபெர்னாண்டஸ் சொன்ன காக்டெயில்

கேன் முழங்கால்ல இடிக்குதுங்களாண்ணா? இருங்க, இப்படி நகத்தி வெச்சுக்கறேன். காலி கேன்தான், கனமில்ல. நீங்க திண்டுக்கல்லுங்களா? நான் ஒட்டன்சத்திரம். அதுவரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது, அதுக்கு நான் கேரண்டி. ஒரு கதை சொல்றேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிப்பீங்க. கண்டக்டரே வந்து என்ன ஏதுன்னு கேப்பாரு, பாருங்க.

ஆனா இப்ப சிரிக்காதீங்க. சிரிப்பு கடைசியிலதான் இருக்குது. தாராபுரம் தாண்டட்டும். இப்பவே சொல்லீட்டா அப்பறம் மீதித் தூரத்துக்கு உங்க மூஞ்சிய நானும் என் மூஞ்சிய நீங்களும் பாத்துக்கிட்டு உக்காரோணும். அதுக்கு முன்னாடி எங்க மாமாவ உங்களுக்குத் தெரியோணும். மாமாவத் தெரியாம சிரிச்சீங்கன்னா பாதிச் சிரிப்புதான் வரும்.

எங்க மாமா பேரு சென்னியப்பன். எங்கம்மாவோட தம்பி. எங்கப்பா லாரியில வடக்கயே சுத்திக்கிட்டு இருக்கறதால நானும் அம்மாவும் மாமா வீட்டுலதான் இருக்கறோம். மாமா திருப்பூர்ல சின்னதா ஒரு பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. கம்பெனின்னா பெருசா நெனச்சுக்காதீங்க. கீழ மிசினு, மேல வீடு. அம்மா கீழ செக்கிங்ல இருக்குது. நூல் பிசிறு வெட்டறது, ஓட்டை பாக்கறது, அந்த வேலை.

மாமா எப்படிப் பேசுவாருன்னு கேளுங்க. யாராவது பெரிய ஆளு போன் பண்ணுனா, உக்காந்திருந்தாலும் எந்திரிச்சு நின்னுக்குவாரு. அந்தப்பக்கம் இருக்கறவனுக்கு இது தெரியவா போகுது? "எஸ் சார். பாசிபிள் சார். டுமாரோ மார்னிங் சார். நோ சார், ஷூர் சார்." கேட்டீங்களா? இதான் மாமா இங்கிலீஷு. மொத்தமே இவ்வளவுதான். குரல்ல ஒரு சளி இருக்கோணும், அப்பத்தான் சரியா வரும். நான் எல்லாக் குரலும் பண்ணுவேனுங்ணா. எங்க அத்தை வளர்மதி குரலுக்கு மூக்க லேசா அடைச்சுக்கோணும். "ஏனுங், சித்த இங்க வந்துட்டுப் போங்." ஒரு நாள் மாடிப்படியில நின்னு இப்படிக் கூப்பிட்டேன், மாமா கைவேலையப் போட்டுட்டு ஓடிப்போயி அத்தை முன்னாடி நின்னாரு. அத்தை, "நானெங்க கூப்ட்டேன்?" அப்படீங்குது. ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான் அவங்க மூளை.

சிரிக்காதீங்க, இது அந்தச் சிரிப்பில்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மாமாவுக்கு ரெகுலரா ஜாப்ஒர்க் குடுத்துக்கிட்டிருந்த எக்ஸ்போர்ட்காரன் நிறுத்திட்டான். மிசினெல்லாம் துணி போத்தித் தூங்குது. அந்த நேரத்துல வெளிநாட்டுக்காரனுக்குத் துணி வாங்கிக் குடுக்கற பெங்களூர் பையிங் ஆபீஸ்ல இருந்து ஹெக்டேன்னு ஒரு மேனேஜர். கைக்குழந்தைத் துணி ஆர்டரு, நேரா மாமா கம்பெனிக்கே. அது வந்துருச்சுன்னா தீவாளி வரைக்கும் மிசினு ஓடும். வரலீன்னா மாமா மிசின வித்துப்போடுவாரு, அம்மா வேற எடத்துல செக்கிங் தேடோணும், என்னைக் காலேஜுல சேக்கறதும் அதோட போச்சு. பிளஸ் டூ எழுதிட்டு சும்மா இருக்கேனுங்ணா. அம்மா தெனமும் இத ஒரு தடவ சொல்லீரும். "அந்த ஆர்டரு நல்லபடியா வரோணும் சாமி." காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி இது. இவங்களுக்கெல்லாம் ஒரு ஆர்டர்ங்கறது ஒலகமேதான்.

அந்த ஹெக்டே மாமாகிட்டச் சொல்லியிருக்கான், எனக்கு ஓட்டல் வேண்டாம், தின்னு தின்னு சலிச்சுப் போச்சு, சனிக்கிழமை உங்க வீட்டுக்கே வர்றேன், எனக்கு காக்டெயில் புடிக்கும், ஊர் ஊருக்கு ஒரு காக்டெயில் குடிச்சுப் பாக்கறதுதான் என் பொழுதுபோக்கு, உங்க ஊர் காக்டெயில் என்ன உண்டோ அதக் குடுங்கன்னு.

எங்க ஊர் காக்டெயில். எங்க ஊர்ல கெடாவெட்டுல பிராந்தியில சோடா ஊத்துவாங்க, சோடா தீந்துட்டா தண்ணி ஊத்துவாங்க. அதான் ஊர் காக்டெயில். மாமா வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு ரவுண்டு போட்டுட்டு, "மாப்ள, உன்னய நான் தம்பியாட்ட நெனைக்கறேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லீட்டுத் தூங்கற ஜாதி. அவரு என்கிட்ட வந்து, "யுகேசு, இந்தக் காக்டெயிலுன்னா என்ன கண்ணு? போன்ல பாத்து நம்ம பக்கத்துது நாலு எடுத்துக் குடு" அப்படீங்கறாரு.

நானும் பாத்தேன். தேங்காப்பூவுல ஒண்ணு, நன்னாரியில ஒண்ணு, இளநீர்ல ஒண்ணு, நெறையா இருந்துச்சு. எழுதிக்கூட வெச்சேன். அப்பறம் ஒரு யோசனை. இந்த ஆளுக்கு எதுக்கு நல்லத எடுத்துக் குடுக்கோணும்? எதச் சொன்னாலும் நம்பற ஆளு. நம்பற ஆளுக்கு நெசத்தச் சொல்றது வேஸ்ட்டுங்ணா.

அன்னைக்குப் பொறந்தவருதான் ஃபெர்னாண்டஸ்.

மாமாகிட்டச் சொன்னேன், "மாமா, சென்னையில ஒரு பெரிய ஓட்டல்ல பார் மேனேஜர் ஒருத்தர் இருக்காரு, கோவாக்காரரு, போன்லயே சொல்லித் தருவாரு, மெசேஜ் போட்டிருக்கேன், கூப்பிடுவாரு"ன்னு. ரோட்டுல குடை விரிச்சு உக்காந்து சும்மா சிம் குடுப்பாங்களே, அப்படி வாங்குன சிம் ஒண்ணு என்கிட்டக் கெடந்துச்சு. அத்தையோட பழைய போன்ல அதப் போட்டுக்கிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மாடிப்படி சன்னல்ல எட்டிப் பாத்தா கீழ ஹால்ல மாமா தெரிவாரு. கூப்பிட்டேன். அவரு எந்திரிச்சு நின்னாரு. எனக்கு அப்பவே பொத்துக்கிட்டு வந்துச்சு.

ஃபெர்னாண்டஸ் குரல் எப்படித் தெரியுமுங்களா? தொண்டைக்கு அடியில இருந்து, அவசரமே இல்லாம. "மிஸ்டர் சென்னியப்பன், காக்டெயில் என்றால் சரக்கு அல்ல. அது மண். உங்க மண்ணோட வாசம் கிளாஸ்ல வரணும்."

"மண்ணு போடோணுங்களா சார்?"

தண்ணித்தொட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னேனுங்ணா, இல்லைன்னா விழுந்திருப்பேன்.

அப்பறம் ஃபெர்னாண்டஸ் சொல்லச் சொல்ல மாமா குறிச்சுக்கிட்டாரு. வெள்ளைக்காரன் கிளாஸ் வெளும்புல உப்பு தடவுவான், நாம மணப்பாறை முறுக்க இடிச்சுத் தடவோணும். முறுக்கு ஒட்டறதுக்கு மொதல்ல ஊத்துக்குளி வெண்ணெய் பூசோணும். அடுத்தது கம்மங்கூழு. மோர் ஊத்திக் கரைச்சு, வோட்கா விட்டு, மேல சின்ன வெங்காயத்த மெதக்க விடோணும். சுக்குப்பொடி மூணு ஸ்பூன். பழனிக்கு ஒண்ணு வேணும்ல? பிராந்தியில பஞ்சாமிர்தம். அப்பப்ப வாயில என்ன வருதோ அதச் சொன்னேனுங்ணா, எனக்கே எதுவும் நெனப்பில்ல. மாமா, "எஸ் சார், எஸ் சார், சுக்கு த்ரீ ஸ்பூன் சார்"ன்னு குறிக்கறாரு.

நடுவுல ஒரு கண்டம் வந்துச்சு. நாலு மணிக்கு எங்க தெருக்கோடி மில்லுல சங்கு ஊதுவான். மாடியில என் காதுலயும் ஊதுது, கீழ அவரு காதுலயும் ஊதுது, போன்லயும் ஊதுது. நான் விடுவனா? "சாரி மிஸ்டர் சென்னியப்பன், சென்னையிலயும் சங்கு ஊதறான்" அப்படின்னேன். மாமா கொஞ்ச நேரம் மேல விட்டத்தப் பாத்துக்கிட்டே நின்னாரு. அவருக்கு அப்படி ஒரு பழக்கம், பெரிய மனுசங்ககூடப் பேசறப்ப மேல பாப்பாரு போல. அப்பறம், "ஆமாங் சார், தமிழ்நாடு பூரா நாலு மணிதானுங்களே" அப்படின்னாரு. எவ்வளவு பெரிய அறிவாளி, பாருங்க.

இது எந்த ஊரு, குண்டடமா? இன்னும் நேரமிருக்குது. இருங்க, அத்தையச் சொல்லீர்றேன்.

மாமா வந்து பஞ்சாமிர்தம்னு வாயெடுத்தாரோ இல்லையோ, அத்தை கரண்டியக் கீழ வெச்சுருச்சு. "சாமி பிரசாதத்துல பிராந்தியா? அந்த டப்பாவத் தொட்டீங்கன்னா நான் எங்கப்பன் ஊட்டுக்கு நடந்தே போயிருவனுங்." மாமா என்ன பண்ணாருங்கறீங்க? சிறுமலைப் பழம், நாட்டுச்சக்கரை, பேரீச்சை, ஏலக்கா எல்லாத்தையும் அவரே பெசஞ்சுக்கிட்டு, "இது சாமி முன்னாடி வெக்கவே இல்ல வளரு, வெச்சாத்தான பிரசாதம்?" அப்படீங்கறாரு. அத்தை யோசிச்சுப் பாத்துட்டு, "அப்பச் செரி"ன்னு கரண்டிய எடுத்துக்கிச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல.

கூழப் பாத்துட்டு அத்தை கேட்டுது, "ஏனுங், இது குடிக்கறதுக்கா, கட்டிக்கு வெச்சுக் கட்டறதுக்கா?"

மாமாவுக்கு ஒரு ரெசிப்பிய அப்படியே செய்யவாவது தெரியோணுமே. தெரியாது. அந்தக் காலத்துல சாயப்பட்டறை லேப்ல இருந்தவரு. அங்க என்ன பண்ணுவாங்கன்னா, துணி வாங்கற பையர் ஒரு கலர் அனுப்புவான். அதே கலர் வர்ற வரைக்கும் சின்னச் சின்னக் குப்பியில சொட்டுச் சொட்டா சாயத்த மாத்தி மாத்தி ஊத்தி, துண்டுத் துணிய முக்கி, ஏ, பி, சின்னு மூணு போட்டு பையருக்கு அனுப்புவாங்க. அவன் பாத்துட்டு ஏதாவது ஒண்ண அப்ரூவ் பண்ணுவான். அதுக்குப் பேரு லேப் டிப்பு. மாமா காக்டெயிலுக்கும் அதையே பண்ணாருங்ணா. சமையக்கட்டு மேடையில வரிசையா டம்ளர். அத்தையோட காதுக்கு மருந்து விடற பில்லர எடுத்துக்கிட்டு ஒரு சொட்டு, நாக்குல ஒரு சொட்டு, அப்பறம் இன்னொரு சொட்டு. ட்யூப்லைட்டுக்கு அடியில தூக்கிப் பாக்கறாரு, சன்னலுக்குக் கொண்டுபோயிப் பாக்கறாரு. சுக்கு மூணு ஸ்பூன்னு ஃபெர்னாண்டஸ் தெளிவாச் சொன்னாரு. இவரு ஒரு சிட்டிகை போடறாரு. கூழ வடிகட்டி வெறும் தெளிவ எடுத்துக்கறாரு. வெங்காயத்தத் தூக்கி அந்தப்பக்கம் வெச்சுட்டு நன்னாரியும் எலுமிச்சையும் ஊத்தறாரு. எழுதுனதப் பாத்துச் செய்யக்கூடத் துப்பில்லாத ஆளு.

நான் கேட்டேன், "ஏம் மாமா, ஃபெர்னாண்டஸ் சார் சொன்ன மாதிரியே போடலியா?"

"அவரு பெரிய மனுசன் கண்ணு. சொல்றதச் சொல்லுவாரு. குடிக்கறவன் வயிறுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

அப்படீன்னா அந்த மனுசனுக்கு மரியாதை என்ன? எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் ஹெக்டே வந்தான். கூட ரோஷ்னின்னு குவாலிட்டி பாக்கற மேடம். மாமா கேட்டுக்கே போயி நின்னுக்கிட்டு என்னவோ சொல்றாரு, அவங்க ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே மேல மொட்டைமாடியப் பாக்கறாங்க, அப்பறம் என்னைப் பாக்கறாங்க. மாமா இங்கிலீஷக் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கே அவங்களப் பாத்தாப் பாவமா இருந்துச்சு.

நான் தட்டு எடுத்துக் குடுக்கற வேலை. அந்த எழவ நான் தொடமாட்டேனுங்ணா, நாத்தமே ஆகாது. ஆனா கண்ணக் கொட்டாம நின்னேன். முறுக்கு ஒட்டின கிளாஸ வாயில வெச்சவுடனே துப்புவாங்க, மாமா மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்னு.

மாமா டீபாய் மேல கிளாஸ வரிசையா வெச்சாரு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் நூல் கட்டி, சின்னதா அட்டை. ஏ, பி, சி. பையர்காரனுக்கு லேப் டிப்பு காட்டற மாதிரியே, கைய முன்னாடி கட்டிக்கிட்டு நிக்கறாரு. "சார், மணப்பாறை. த்ரீ ஆப்ஷன் சார்." மானம் போச்சு எனக்கு.

அந்த ஹெக்டே என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? சன்னலுக்குக் கொண்டுபோயி வெளிச்சத்துல பாத்தான். குடிச்சான். கண்ண மூடிக்கிட்டான். அவனுக்கு வார்த்தைக்கு வார்த்தை மாராயா வரும், நம்ம ஊர்ல ராசாங்கற மாதிரி. "அய்யோ மாராயா. பி ஓகே. ஆனா ஒன் டோன் டார்க்கர் வேணும்." மாமா பில்லர எடுத்து ரெண்டு சொட்டு விட்டாரு. "இப்போ அப்ரூவ்டு." அந்த மேடம் கிளாஸ் வெளும்புல இருந்த முறுக்கத் தின்னுட்டு இன்னொரு கிளாஸ் கேக்குது. பழனிய ரெண்டு பேரும் ரெண்டு தடவ வாங்குனாங்க. கம்மங்கூழுத் தெளிவுக்கு ஹெக்டே எந்திரிச்சு நின்னு கை தட்டுனான். பெங்களூர்ல பெரிய வேலையில இருக்கறவனுங்ணா. நான் மொட்டைமாடியில தண்ணித்தொட்டியப் புடிச்சுக்கிட்டு உளறுனதக் குடிச்சுப்போட்டுக் கை தட்டறான். இவனுகளையெல்லாம் நம்பி நாடு துணி போட்டுக்கிட்டு இருக்குது.

கடைசில கிளாஸத் தூக்கி, "ஃபெர்னாண்டஸுக்கு என் தேங்க்ஸ்"ன்னு சொல்றான், மெட்ராஸ் எந்தத் திசையில இருக்குதுன்னுகூடத் தெரியாம என் பக்கமாத் தூக்கிக் காட்டிக்கிட்டு. மாமாவும் என்னப் பாத்து, "சொல்லீரு கண்ணு" அப்படீங்கறாரு. போதை.

நியாயமாப் பாத்தா இங்கயே நான் விட்டிருக்கோணும். ஆனா எனக்கு ஆறலைங்ணா. எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணுனது, ஒருத்தனும் துப்பல. ஒருத்தன் மூஞ்சியும் கோணல. பேரு பூரா மாமாவுக்குப் போயிருச்சு. அத்தை அக்கம்பக்கமெல்லாம் போயி, "எங்க ஊட்டுக்காரரு கலக்குனத பெங்களூர்க்காரரு எந்திரிச்சு நின்னு குடிச்சாருங்"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. அம்மாகூட, "தம்பி கைப்பக்குவமே தனி" அப்படீங்குது. ஏன், மூளை யாருது?

அதனால பெருசா ஒண்ணு போட்டேன். இதுதான் சிரிப்பு, கிட்ட வந்துருச்சு, கேளுங்க. இன்னைக்கு சாயங்காலம் ஹெக்டே ஆர்டர்ல கையெழுத்துப் போட வர்றான். மாமா சொன்னாரு, சாயங்காலம்னு. அவன் வர்றதுக்கு முன்னாடி ஹெக்டே குரல்ல மாமாவக் கூப்பிட்டு, "சாரி மாராயா, ஆர்டர் இல்ல" அப்படின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த மூஞ்சிய நெனச்சுப் பாருங்க. எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "எஸ் சார், நோ சார், பாசிபிள் சார்"ன்னு. பத்து நிமிசங்ணா. அப்பறம் நானே சொல்லீருவேன். பத்து நிமிசத்துல என்ன ஆயிரப்போகுது?

ஹெக்டே குரல் சுலபமில்ல. மூக்குலயும் வரோணும், நெஞ்சுலயும் வரோணும். நேத்து குளிக்கற ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு ப்ராக்டீஸ் பண்ணேன், அங்கதான் நல்லா எதிரொலிக்கும். "சென்னியப்பன், ஆர்டர் கேன்சல். சென்னியப்பன், சாரி மாராயா." வெளிய அம்மா துணி தொவச்சுக்கிட்டு இருந்துச்சு. நடுவுல தொவைக்கற சத்தம் நின்னு போச்சு. சோப்பு தீந்திருக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் என்ன வெளங்கப்போகுது? நான் வெளிய வந்தப்ப, என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "சாப்புடறியா?"ன்னு கேட்டுச்சு. அம்மாவுக்கு அது ஒண்ணுதான் தெரியும்.

இன்னைக்குக் காலைல மாமா வர்றாரு, மூஞ்சியெல்லாம் பிரகாசமா. "யுகேசு, ஃபெர்னாண்டஸ் சார் கூப்பிட்டாரு கண்ணு."

நான் சோத்துல கைய வெச்சவன் அப்படியே உக்காந்துட்டேன்.

"விடியக்காலைல கூப்பிட்டாரு. இன்னைக்கு ஹெக்டே சாருக்கு ஒரே ஒரு அயிட்டம் பண்ணிக் குடுங்க, கையப் புடிச்சுக்குவாருன்னு சொன்னாரு. முருங்கைப் பதநீர். ஒட்டன்சத்திரத்துல மட்டுந்தான் கெடைக்குமாம். முருங்கை மண்டியில காளியப்பன்னு ஒருத்தர். நீதான் போயி வாங்கியாரோணும்."

முருங்கை மரத்துல பதநீர். கேட்டீங்களாண்ணா? பனைமரத்துல பதநீர் எறக்குவாங்க, தென்னையில எறக்குவாங்க. முருங்கையில கம்பளிப்புழுதான் எறங்கும். இதுகூடத் தெரியாத ஆளு. அதவிட, ஃபெர்னாண்டஸ் கூப்பிட்டாருங்கறாரே, அதுதான் பெரிய தமாசு. ஃபெர்னாண்டஸ் நான். நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு பச்சைப் பொய் பாருங்க. அத்தைக்கு முன்னாடி தனக்குப் பெரிய எடத்துப் பழக்கமிருக்குதுன்னு காட்டிக்க, இல்லாத ஆளு பேரச் சொல்லி, வராத போன வந்துச்சுங்கறாரு. பெருமைக்கு மனுசன் எந்த அளவுக்கு எறங்கறான் பாத்தீங்களா?

என்ன கேட்டீங்க? நான் ஏன் சொல்லலையா? எப்படிங்ணா சொல்றது, ஃபெர்னாண்டஸ் கூப்பிட்டிருக்க முடியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாருல்ல? அப்பறம் என்னோட குட்டு ஒடஞ்சுருமே. அதனால மூஞ்சிய நல்லா வெச்சுக்கிட்டு, "செரீங் மாமா, போயிட்டு வர்றேன்"னேன். வர்ற வழியில ஏதாவது ஒரு பைப்புல தண்ணி புடிச்சு, வெல்லத்தக் கரைச்சு, இந்தாங்க முருங்கைப் பதநீர்னு குடுத்தாலும் வாங்கிக்கப் போறாரு. அதையும் ஏ, பி, சின்னு அட்டை கட்டி வெப்பாரு.

"காளியப்பன் மூணு மணிக்கு மேலதான் மண்டிக்கு வருவாரு. வர்ற வரைக்கும் நீ அங்க இங்க நகரக்கூடாது, செரியா கண்ணு"ன்னு சொல்லி, கேன அவரே கழுவிக் குடுத்தாரு. அம்மா எலுமிச்சைச் சோறு கட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்துச்சு. சன்னல் சீட்டப் புடிச்சு உக்காரவெச்சுட்டு, பஸ் கெளம்பறப்ப சேலைத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சுது. எங்கம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்ணா. ஆர்டர் வர்ற சந்தோசம். எவ்வளவு அல்ப சந்தோசம், பாருங்க.

ஏன் அப்படி முழிக்கறீங்க?

இல்லைங்ணா, அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எதுவும் தெரியாது. நீங்க அவரப் பாத்ததில்ல, அதனால சந்தேகப்படறீங்க. நீங்களும் எங்க மாமா மாதிரிதான் போல. தப்பா நெனச்சுக்காதீங்க, குணத்தச் சொன்னேன். மூணு மணின்னா சாயங்காலத்துக்குள்ள எப்படித் திரும்பி வர முடியும்னு கேக்கறீங்க. அந்தக் கணக்கெல்லாம் போடத் தெரிஞ்சா அவரு ஏன் மாமாவா இருக்காரு?

இது கள்ளிமந்தயம் பக்கம் வந்துட்டோம்ல? அப்ப நேரமாச்சு. சொன்னபடி சிரிப்பக் குடுத்தர்றேன். உங்க போன சித்தக் குடுங்க. என் நம்பர் மாமாவுக்குத் தெரியும், அந்த ஓசி சிம்மும் தெரியும், உங்களுதுன்னா யாருன்னு தெரியாது. வீட்டுல இருந்து மூஞ்சியப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். பரவால்ல, குரலக் கேட்டாலே மூஞ்சி தெரியும். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. கனைச்சுக்கறேன் இருங்க. மாராயா. மாராயா. செரி.

ரிங் போகுது.

"ஹலோ, சென்னியப்பன்? ஹெக்டே பேசறது. சாரி மாராயா. ஒரு கெட்ட நியூஸ். ஆர்டர் இல்ல. மேல வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

கேட்டீங்களா? இப்ப எந்திரிச்சு நிப்பாரு பாருங்க.

"அப்படீங்களா சார்? செரீங் சார். ஒரு நிமிசம் லைன்ல இருங்க சார். ஹெக்டே சார் இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. அவருகிட்டயே சொல்லீருங்க."

இது... இருங்ணா. லைன் சரியில்ல. அவரு சாயங்காலந்தான...

"ஹலோ, ஃபெர்னாண்டஸா? நான் ஒரிஜினல். கையெழுத்துப் போட்டாச்சு மாராயா. உன் வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கு, மூக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. உன் மாமா அன்னைக்குக் கேட்லயே எல்லாம் சொல்லிட்டாரு. மொட்டைமாடி, சங்கு, எல்லாம்."

"குடுங்க சார், நான் பேசறேன். கண்ணு, யுகேசு. அம்மா கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டியா? தின்னுட்டு மெதுவா அடுத்த வண்டியில வா, ஒண்ணும் அவசரமில்ல. மண்டியில போயிக் காளியப்பன்னு யாரையும் தேடாத. நெசமாவே அங்க ஒரு காளியப்பன் இருந்துட்டா அந்த மனுசனுக்கு எதுக்குத் தொந்தரவு?"

பின்னாடி சிரிக்கறது எங்கம்மா.

வெச்சுட்டாரு.

இந்தாங்ணா, உங்க போன். இல்லீங், ஒட்டன்சத்திரத்துக்கு வரல. சித்தக் கால எடுத்துக்கங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன்.